கடல் கடந்த கல்வியும் கண்டி மாநகரும்

கல்வியின் பொருட்டுத் தாயகம் நீங்கிப் பிறநாடு செல்லும் வழக்கம் இக்காலத்துப் புதிதாகத் தோன்றியதன்று. இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, கணினியியல் பயிலும் மாணாக்கர் கோடை விடுமுறையில் ஓரிரு திங்கள் வேற்றுநாட்டில் தங்கிக் கற்றுத் திரும்புதற்கெனத் தனித் திட்டங்களை வகுத்துள்ளன. தொழில்நுட்ப மாணவரைப் பிறநாட்டுத் தொழிலகங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் பன்னாட்டுச் சங்கமொன்று 1948ஆம் ஆண்டிலேயே இலண்டனில் நிறுவப்பட்டது. இத்தகைய பயணங்களால் ஒரு நாடு அடையும் பயன் யாது? சென்ற தொலைவால் அதனை அளப்பதா? பெற்ற பட்டத்தால் அளப்பதா? இவ்வினாக்களுக்கு விடை காணக் கண்டி மாநகரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி இராச்சியத்திலே பௌத்த சங்கத்தின் உபசம்பதை மரபு அற்றுப்போயிற்று. முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்குகள் இல்லாதவிடத்துப் புதியோருக்கு அதனை வழங்குதல் இயலாது. குறையை உணர்ந்த வெலிவிட்ட சரணங்கரர், அம்மரபு அழியாதிருந்த சீயதேசத்திலிருந்து பிக்குகளை அழைத்தல் வேண்டுமென அரசரை வேண்டினார். கண்டி மன்னருக்கோ கப்பல் இல்லை, துறைமுகமும் இல்லை. கரையோரத்தின் பெரும்பகுதி ஒல்லாந்தர் வசமிருந்தது. ஆதலால் ஒல்லாந்தர் கப்பலையே நாட வேண்டியதாயிற்று. 1741இற் சென்ற முதல் தூது கப்பற் சேதத்தால் அழிந்தது. 1747இற் சென்ற இரண்டாந் தூது, அனுப்பிய மன்னன் இறந்தமையாற் பயனின்றி முடிந்தது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1750இல் மூன்றாந் தூதினை விடுத்தான். அதன் பயனாக உபாலி தேரரும் அவருடன் வந்த பிக்குகளும் 1753இல் திருகோணமலையில் இறங்கிக் கண்டியை அடைந்தனர். அவ்வாண்டிலேயே மல்வத்தை விகாரையில் உபசம்பதை மீண்டும் நிகழ்ந்தது.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கன இரண்டு. உபாலி தேரர் கண்டியில் வாழ்ந்த காலம் மூன்றாண்டே. 1756இல் அவர் இங்கேயே காலமானார். எனினும் அக்குறுகிய காலத்துள் நூற்றுக்கணக்கானோர் உபசம்பதை பெற்றனர். அவர்கள் பிறருக்கு வழங்கினர். பிறகு அதன்பொருட்டு மீண்டும் மீண்டும் கடல் கடக்க வேண்டிய தேவை அம்மரபினர்க்கு ஏற்படவில்லை. இஃது ஒன்று. மற்றொன்று, சீயத்திலிருந்து வந்த அம்மரபு முன்னொரு காலத்தில் இலங்கையிலிருந்தே சென்றதென்பது. பதினைந்தாம் நூற்றாண்டில் இன்றைய தாய்லாந்தின் வடபகுதியிலிருந்து பிக்குகள் இலங்கைக்கு வந்து, களனி கங்கையில் உபசம்பதை பெற்றுச் சென்றனர். கொடுத்தது அழியாது காக்கப்பட்டமையாலன்றோ கொடுத்தவர் வறியரானபோது திரும்பப் பெற முடிந்தது?

சமயக் கல்வியில் நிகழ்ந்த இதனைத் தற்காலக் கல்வியிலும் காணலாம். 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலி கங்கைக் கரையிலுள்ள பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. 1950இற் கொழும்பில் தொடங்கப்பட்ட அதன் பொறியியற் பீடம் 1964இற் பேராதனையை அடைந்தது. அதன் முதற் பீடாதிபதி பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா ஆவார். அக்காலத்தில் உயர் பட்டம் பெற விரும்பிய ஆசிரியர் பெரும்பாலும் இங்கிலாந்துக்கே செல்ல வேண்டியிருந்தது.

அங்ஙனம் சென்றோருள் வடமராட்சி தந்த அழகையா துரைராசா குறிப்பிடத்தக்கவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டம் பெற்ற அவர், கேம்பிறிட்ஜ் சென்று மண்பொறியியலை ஆராய்ந்தார். ஈரக்களிமண் பாரத்தின்கீழ் எவ்வாறு நெகிழ்ந்து இடங்கொடுக்கும் என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரையை மண்பொறியியலார் இன்றும் எடுத்தாள்கின்றனர். அப்புகழோடு அங்கேயே தங்கியிருத்தல் அவருக்கு எளிது. அவரோ பேராதனைக்குத் திரும்பி, ஆசிரியராகவும் பீடாதிபதியாகவும் மாணாக்கரை உருவாக்கினார். 1988 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் போரின் கொடுமைகளுக்கிடையே பணிபுரிந்து 1994இல் மறைந்தார். கடல் கடந்து பெற்ற கல்வி எங்கே வேரூன்ற வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

கணினியியலும் இவ்வழியே இலங்கைக்கு வந்தது. இத்துறை இங்கே தொடங்கிய காலத்தில் கணினியென்பது அறை நிறைந்த பெரும்பொறி. நாட்டில் அத்தகைய பொறி ஒன்றிரண்டே இருந்தமையால், கற்க விரும்பியோர் கற்கும் கருவியைத் தேடியே கடல் கடந்தனர். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய பேராசிரியர் வி. கே. சமரநாயக்க, கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினிக் கல்வியை வளர்த்தார். பேராதனைப் பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியலுக்கெனத் தனித்துறை 1985இல் நிறுவப்பட்டது. அதுவரை வேற்றுநாட்டிலே தேடிய பாடத்தை அன்று முதல் கண்டி மலைச்சாரலிலேயே பயில முடிந்தது.

கல்வியின் பொருட்டுப் பிறநாட்டார் கண்டிக்கு வருதலும் இதே காலத்தில் முறையாகத் தொடங்கியது. 1980களின் முற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகள் சில ஒன்றுகூடி, தம் மாணாக்கரைக் கண்டிக்கு அனுப்பும் திட்டமொன்றை வகுத்தன. அம்மாணாக்கர் கண்டியிலுள்ள குடும்பங்களோடு தங்கினர். பேராதனை ஆசிரியரிடம் மொழி, சமயம், வரலாறு ஆகியன கற்றனர். அவர்கள் பொறியைத் தேடி வந்தவரல்லர். மக்களை அறிய வந்தவர். வேற்றூரில் ஒரு வீட்டின் சோற்றை உண்டு, அவ்வீட்டாரின் மொழியிலே நன்றி சொல்லப் பழகுவதும் கல்வியே என்பதை அத்திட்டம் உணர்த்திற்று.

ஆயின், வருவோரும் போவோரும் எல்லாக் காலத்தும் விருப்பத்தாற் சென்றவரல்லர். 1983 மே திங்களிற் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். அடுத்து வந்த யூலைக் கலவரம் பல்லாயிரவரை நாட்டைவிட்டு அகலச் செய்தது. அவர்களுட் கற்றோர் பலர், மீண்டோர் சிலர். திரும்புதற்கு ஏற்ற நிலை நாட்டில் இல்லையெனில், புறப்பட்ட கல்வி புறத்தேயே தங்கிவிடும் என்பதை இக்காலப்பகுதி காட்டுகிறது.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் நிலை இன்னும் வேறானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? பேராதனை ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும், தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்ட தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அது கடலுக்கு அப்பாலிருந்த நாடாகவே தோன்றியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. கடல் கடந்த கல்வியின் சிறப்பைப் பேசுமிடத்து, மலை கடந்தும் கற்க இயலாதிருந்த இப்பிள்ளைகளை மறத்தல் அறமாகாது.

இருபத்தோராம் நூற்றாண்டிற் கணினியே கடலின் தொலைவைக் குறைத்தது. 2005இல் கூகிள் நிறுவனம் கோடைக்கால மென்பொருட் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கியது. மாணாக்கர் தம் ஊரிலிருந்தவாறே, வேற்றுநாட்டு வழிகாட்டிகளின் துணையுடன், யாவருக்கும் பொதுவான மென்பொருள்களை ஆக்குதல் அதன் முறை. மேனாட்டார் கோடையெனக் கூறும் அத்திங்கள்கள் கண்டியிலே தென்மேற்குப் பருவமழையும் எசல பெரகராவும் நிகழுங் காலம். பெயர் பொருந்தாதாயினும் பயன் பொருந்திற்று. அத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகுதியான மாணாக்கரை அளித்தது இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகும்.

இதனினும் சிறந்ததொன்று உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இந்நாட்டுக் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்யவும் இலங்கைக் கணினியாளர் சகானா என்னும் மென்பொருளை ஆக்கினர். பின்னர் 2005இற் பாக்கிஸ்தானிலும் 2010இல் எயிற்றியிலும் நிலநடுக்கம் நேர்ந்தபோது அது பயன்பட்டது. கற்கச் சென்ற நாடு கற்பிக்கும் நாடாயிற்று. களனி கங்கையிற் கொடுத்துச் சீயத்திற் பெற்ற பழைய வரலாறு புதிய உருவில் மீண்டது எனலாம்.

இவற்றால் அறியக்கிடப்பது ஒன்றே. கடல் கடந்த கல்வியின் பயன், சென்றவன் தங்கிய காலத்தைப் பொறுத்ததன்று. உபாலி தேரருக்கு மூன்றாண்டு போதியதாயிற்று. அவன் திரும்பி வந்து, தனக்குப் பின்வருவோன் கடல் கடவாமலே கற்கும் வகை செய்தானா என்பதையே அது பொறுத்துள்ளது. அதற்கு இரண்டு வேண்டும்: செல்வோனிடத்தில் நன்றியுணர்வு, நாட்டினிடத்தில் அவனை அச்சமின்றி வாழவிடும் நீதி. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனிற் பயனில்லை. இன்று பிறநாடு செல்லும் இளைஞரும், அங்கே நிலைபெற்ற பழைய மாணவரும், தாம் கற்றவற்றுள் ஒரு பகுதியையேனும் தம் ஊர்ப் பாடசாலைக்கும் மலையகத்துப் பாடசாலைக்கும் தமிழிலே கொண்டு சேர்ப்பாராயின், அவர் கடந்த கடல் வீண்போகாது.