மறுத்தவரும் மறைத்தவரும்

ஒரு மனிதன் ஒரே ஒருமுறை சொன்ன 'மாட்டேன்' அவனுடைய ஆயுள் முழுவதற்குமான நற்சான்றாக ஆகிவிடுவதுண்டு. இங்கிலாந்து கிரிக்கெட்டில் கப்பி ஆலனுக்கு அப்படித்தான் ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

1902இல் ஸிட்னியில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவர். ஈட்டன், கேம்பிரிட்ஜ், பிறகு லண்டன் பங்குச்சந்தை. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்காத 'அமெச்சூர்'. 1932-33இல் ஆஸ்திரேலியா சென்ற அணியில், பிராட்மனை அடக்குவதற்காக, ஆடுபவரின் உடம்பைக் குறிவைத்து வேகப்பந்து போடச் சொன்னார் காப்டன் ஜார்டின். ஆலன் மறுத்தார். மறுத்தும் அணியில் நீடித்தார். அந்தத் தொடரில் 21 விக்கெட்டுகள் எடுத்தார்.

காப்டன் சொன்னபடி பந்து போட்டவர் ஹெரால்ட் லார்வுட். நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத்திலிருந்து வந்தவர், ஆட்டமே பிழைப்பு. 33 விக்கெட்டுகள் எடுத்தார். பிற்பாடு அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவரும் மாட்டேன் என்றார். அதன்பின் இங்கிலாந்துக்காக அவர் ஆடவேயில்லை. ஒரே சொல்தான், ஒருவருக்கு அது கௌரவம் தந்தது, மற்றவரிடமிருந்து இடத்தைப் பறித்தது. ஆலனின் மறுப்பு பொய்யானதல்ல. ஆனால் அதற்கான விலையை அவர் தர வேண்டியிருக்கவில்லை. அவருடைய வர்க்கம் அவரைக் காத்தது. அந்நாட்களில் பெற்றோருக்கு எழுதிய கடிதங்களில் லார்வுட்டை அவர் ஏளனமாகப் பேசுவதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

பின்னால் ஆலன் நிர்வாகியானார். 1955 முதல் 1961 வரை தேர்வுக் குழுத் தலைவர். 1956இல், பாதிரியாராகிவிட்டிருந்த டேவிட் ஷெப்பர்டை அவருடைய குழு திரும்ப அழைத்தது. ஷெப்பர்ட் மான்செஸ்டரில் 113 ஓட்டங்கள் எடுத்தார். 1963-64இல் ஆலன் எம்.சி.சி. தலைவர், 1964 முதல் 1976 வரை அதன் பொருளாளர். வீடுகூட லார்ட்ஸ் மைதானத்தை ஒட்டித்தான். மனிதர் எது, ஸ்தாபனம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை.

1968 மார்ச்சில் கோபம் பிரபு தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டரைச் சந்தித்தார். பாஸில் டொலிவேரா அணியில் இருந்தால் அந்தக் குளிர்காலப் பயணம் நடக்காது என்பதை ஒரு கடிதத்தில் தெரிவித்தார். டொலிவேரா கேப் டவுனில் பிறந்தவர். வெள்ளையரல்லாதவர் என்பதால் தாய்நாட்டின் அணியில் இடமற்று, 1960இல் இங்கிலாந்து வந்து, 1966இல் அதன் டெஸ்ட் வீரரானவர். கடிதம் செயலாளர் கிரிஃபித்திடம் வந்தது. அவரும் தலைவர் கில்லிகனும் பொருளாளர் ஆலனும் அதை முழுக் குழுவின் பார்வைக்கு வைக்கவில்லை. தேர்வாளர்கள் ஆட்டத்தை மட்டுமே கருதட்டும் என்பது நியாயம்.

ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் டொலிவேரா 158 எடுத்தார். சில நாட்களில் வெளியான பட்டியலில் அவர் பெயர் இல்லை. செப்டம்பரில் கார்ட்ரைட் காயத்தால் விலக, டொலிவேரா சேர்க்கப்பட்டார். ஃபோர்ஸ்டர் ஏற்க மறுத்தார், பயணம் ரத்தாயிற்று. டிசம்பரில் எம்.சி.சி. உறுப்பினர்களின் விசேஷக் கூட்டத்தில் நிர்வாகத்தைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தவர் அதே ஷெப்பர்ட். வழிமொழிந்தவர் மைக் பிரியர்லி. தீர்மானம் தோற்றது. கடிதம் வெளியே தெரியவந்ததோ 1969இல். உறுப்பினர்கள் எதை அறியாமல் வாக்களித்தார்களோ, அதை அறிந்தவர்கள் மேடையின் பக்கம் இருந்தார்கள்.

ஆட்டத்தில் அரசியல் கூடாது என்பது ஆலன் போன்றவர்களின் வாதம். ஒரு பிரதமரின் நிபந்தனையை மறைத்து வைப்பது அரசியல் அல்லாமல் வேறென்ன? 1932இல் கேட்கப்பட்டது அவருடைய சொந்தக் கை. பந்து யார் விலாவில் படும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 1968இல் வந்தது வெறும் காகிதம். காகிதத்தில் விலா எலும்புகள் தெரிவதில்லை.

1986இல் 'ஸர்' பட்டம் வந்தது. 1989இல் ஆலன் மறைந்தார். லார்ட்ஸில் ஒரு பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2004-05 முதல் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதும் டெஸ்ட் தொடரின் கோப்பைக்கு டொலிவேராவின் பெயர்.

ஆலனைப் போலி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அதைச் செய்யத் தயாரில்லை. காப்டனிடம் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடிந்தது, ஏனென்றால் காப்டன் வேறு ஆள். 1968இல் அவர் மறுத்திருக்க வேண்டியது தன்னிடமே.