8020: ஜப்பான் எண்ணிய பற்கள்

கைப்பிடி வலுவுக்கும் பல் துலக்குவதுக்கும் என்ன சம்பந்தம்னு தேடப் போய், நான் ஜப்பானில் போய் நின்றேன். அங்கே 1989-ல் சுகாதார அமைச்சகமும் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து ஒரு இயக்கம் ஆரம்பித்தன. பெயர் 8020. அதாவது 80 வயதில் சொந்தப் பல் 20 இருக்கணும். அத்தனை இருந்தால் அநேகமாக எதையும் மென்று தின்னலாம் என்பது கணக்கு. அப்போது அந்த வயதில் பத்தில் ஒருவருக்குக்கூட 20 பல் இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் (51.2%) இருந்தது. ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு!

ஆனால் பல்லை மட்டும் எண்ணினால் போதுமா? வாய்க்குள்ளும் தசைதானே இருக்கிறது. நாக்கே ஒரு தசைக் கட்டுதான்.

டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் காஷிவா நகரில் 65 வயது தாண்டிய சுமார் 2,000 பேரை 2012-லிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். பல்லை எண்ணினார்கள், நாக்கு எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்தார்கள், 'த த த' என்று வேகமாகச் சொல்ல வைத்தார்கள் (நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க), கெட்டியானதை மெல்ல, விழுங்கச் சிரமமா என்று கேட்டார்கள். ஆறு அளவுகளில் மூன்றில் பின்தங்கியவர்களுக்கு, அடுத்த சில ஆண்டுகளில் உடல் தசை கரைந்து வலு போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். 2018-ல் வெளியான முடிவு இது.

காரணம் ஓரளவு ஊகிக்கக்கூடியதுதான். மெல்ல முடியாதவர் முதலில் விடுவது இறைச்சியை, அப்புறம் கடினமான காய்கறியை. கஞ்சியும் குழைந்த சோறும் மிஞ்சும். புரதம் குறையும், தசையும் குறையும். ஈறு வீக்கம் வருஷக்கணக்கில் நீடித்தால் அந்த அழற்சியும் தசையை அரிக்கும் என்று சந்தேகிக்கிறார்கள்.

இதை வைத்து 'தினம் ரெண்டு வேளை துலக்கு, புஜம் பெருக்கும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். கதை எதிர்த் திசையிலும் ஓடும். கை வலு குறைந்த முதியவரால் பிரஷையே சரியாகப் பிடிக்க முடியாது. அதனாலேயே பல் கெடும். எது முந்தியது என்று பிரிப்பது கஷ்டம். என் கண்ணுக்கு இது ஒரு சுழல்.

ஜப்பான் அரசு அதற்காகக் காத்திருக்கவில்லை. 2018 ஏப்ரலிலிருந்து வாயின் செயல்திறன் குறைவை ஒரு நோயாகவே மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டது. இப்போது அங்கே பல் மருத்துவர் நாக்கின் அழுத்தத்தையும் அளக்கிறார். 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் குறித்துக்கொள்கிறார்.