ஓர் ‘இருந்தாலும்’ பிறந்த கதை

அரியக்குடியில் அப்பத்தா வீட்டு வளவில் ஒரு சாயங்காலம். என் சின்னம்மா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் பரிமாறியாயிற்று. மாப்பிள்ளையின் பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பத்தாவிடம் மனசாரச் சொன்னார்: “ஆச்சி, பொண்ணு கறுப்பா இருந்தாலும் நல்ல களை.”

பாராட்டுத்தான். அப்பத்தாகூடச் சிரித்துக்கொண்டார். அடுப்படிக்குத் திரும்பி வந்தவள் மட்டும் தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். கல்லூரியில் தமிழ் படிக்கிறவள். “கறுப்புன்னு சொன்னது சரி, களைன்னு சொன்னதும் சரி. நடுவுல அந்த ‘இருந்தாலும்’ எதுக்குக்கா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, பள்ளி நாளில் பரிசாகக் கிடைத்த தமிழ் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உன்னதப்பாட்டு, முதல் அதிகாரம், ஐந்தாம் வசனம். எருசலேம் பெண்களைப் பார்த்து ஒருத்தி தன் நிறத்தைச் சொல்கிறாள், தன் அழகையும் சொல்கிறாள். இரண்டுக்கும் நடுவில் அச்சு அசலாக அதே சொல் உட்கார்ந்திருந்தது. முற்றத்தில் கேட்ட அதே ‘இருந்தாலும்’. எங்கிருந்து வந்தது இது என்று அன்றைக்குத் தேடத் தொடங்கினேன்.

எபிரேய மூலத்தில் அவள் சொல்வது மூன்றே சொல்: ஷெஹோரா, அனி, வெநாவா. ஷெஹோரா என்றால் கறுத்தவள். அனி என்றால் நான். நாவா என்றால் அழகி. அந்த நாவாவின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘வெ’தான் இந்தக் கதையின் நாயகன். ‘வாவ்’ என்ற எழுத்து அது. மேலிருந்து கீழாக இழுத்த ஒரே கோடு. எபிரேயத்தில் இந்த ஒரு கோடு ‘உம்’ என்றும் பொருள் தரும், ‘ஆனால்’ என்றும் பொருள் தரும். எது என்பதை இடம் பார்த்துக் கேட்பவர் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நம் ‘உம்’மும் அப்படிப்பட்டதுதான். தொல்காப்பியர் இடையியலில் அதற்கு எட்டுப் பொருள் சொல்கிறார். ‘கறுப்பும் அழகும்’ என்று எண்ணி அடுக்குவதும் உம். ‘இருந்தாலும்’ என்ற சொல்லின் வாலில் தொங்குவதும் அதே உம். வாவ் எழுத்துக்கு இத்தனை நெருங்கிய உறவு இங்கே இருக்கும்போது, அது ஏன் ‘இருந்தாலும்’ ஆயிற்று?

கிரேக்கத்தில் அது அப்படி ஆகவில்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் யூத அறிஞர்கள் செய்த செப்துவஜிந்தா மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ‘காய்’ என்ற சொல்லைப் போட்டது. காய் என்றால் ‘மற்றும்’. கறுத்தவள் நான், அழகியும் நான். அந்தப் பாட்டை வைத்துத்தான் அலெக்சாந்திரியாவின் ஒரிகேன் 3ஆம் நூற்றாண்டில் பெரிய விளக்கவுரை எழுதினார். அவர் அந்தப் பெண்ணைத் தனியே விடவில்லை. மோசேயின் கூஷ் தேசத்து மனைவியையும், சாலொமோனைத் தேடி வந்த சேபாவின் அரசியையும் அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். வேதத்துக் கறுப்புப் பெண்கள் ஒரே வரிசையில் வந்து நின்றது அந்த உரையில்.

பிறகு லத்தீன். 398இல் பெத்லகேமில் இருந்துகொண்டு ஜெரோம், சாலொமோன் பெயரில் வழங்கும் மூன்று நூல்களை எபிரேயத்திலிருந்து மொழிபெயர்த்தார். உடம்பு சரியில்லாமல் இருந்து எழுந்த நேரம். மூன்று நாளில் முடித்த வேலை என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். அந்த வேகத்தில்தான் வாவ் எழுத்துக்கு நேராக ‘செத்’ என்று எழுதினார். செத் என்றால் ‘ஆனால்’. நம் ‘இருந்தாலும்’ கருக்கொண்ட இடம் அது. மேற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டுக்கு மேல் அந்த லத்தீனைத்தான் படித்தது, பாடியது. எபிரேயத்துக்கே திரும்பிப் போன லூத்தரும் ஜெர்மானியத்தில் ‘ஆனால்’ என்றே வைத்தார். 1611இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் பெயரால் வந்த பதிப்பும் அதையே வைத்தது.

தமிழுக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர்கள் லூத்தரைப் படித்து வளர்ந்தவர்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து மறைந்தார். மிச்சத்தை 1728க்குள் முடித்தவர் ஷூல்ட்சே. பிறகு சென்னை வேப்பேரியில் இருந்து ஃபப்ரீசியஸ் ஆண்டுக்கணக்கில் செதுக்கினார். அந்தப் பரம்பரையில் ஹென்றி பவர் தலைமையில் வந்த 1871ஆம் ஆண்டுப் பதிப்புதான் சீர்திருத்த சபைகளின் வீடுகளில் இன்றும் இருப்பது. அதில்தான் நான் அந்த ‘இருந்தாலும்’ படித்தேன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பாட்டின் பெயரையே ‘இனிமைமிகு பாடல்’ என்று புதுக்கியது. நிறத்துக்குப் பக்கத்தில் ‘இருப்பினும்’ என்று ஆயிற்றே தவிர, அந்த ‘ஆனால்’ போகவில்லை.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘ஆனால்’ என்று படிக்கவும் பாட்டிலேயே இடம் இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே அவள், நான் கறுத்திருப்பதை அப்படி உற்றுப் பார்க்காதீர்கள் என்கிறாள். வெயில் பட்டுக் கறுத்துவிட்டேன், கூடப்பிறந்தவர்கள் என்னைத் திராட்சைத் தோட்டத்துக்குக் காவல் வைத்துவிட்டார்கள் என்கிறாள். அவள் ஆப்பிரிக்கப் பெண் என்று பாட்டு சொல்லவில்லை. வயலில் நின்று வெயில் வாங்கிய பெண், வெயில் படாத நகரத்துப் பெண்களுக்குப் பதில் சொல்கிறாள். அந்தக் குரலில் கொஞ்சம் தற்காப்பு இருக்கலாம், நிறைய நிமிர்வும் இருக்கலாம். வாவ் இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கதவைச் சாத்தியவர் ஜெரோம். பின்னால் வந்தவர்கள் அதைத் தட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு கதவைச் சாத்தினால் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். வேதாகமம் கறுப்பு மனிதர்களால் நிறைந்தது. நம் கண்ணில் படாமல் போனதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். எபிரேயத்தில் கூஷ் என்று ஒரே பெயர். எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கத்து நைல் நாடு அது. கிரேக்கர்கள் அதை ‘எத்தியோப்பியா’ ஆக்கினார்கள். சுட்ட முகத்தார் நாடு என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் நோவாவின் வம்ச வரலாற்றில் ‘கூஷ்’ என்றும், மற்ற இடங்களில் ‘எத்தியோப்பியா’ என்றும் வருகிறது. இரண்டும் ஒன்று என்று படிப்பவருக்கு யார் சொல்வது? நோவாவின் சாபம் கறுப்பர்கள் மேல் விழுந்தது என்று சொல்லித்தான் சில நூற்றாண்டுகள் அடிமை வியாபாரத்துக்கு நியாயம் பேசினார்கள். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தால், சாபம் நோவாவின் பேரன் கானான் மேல் விழுகிறது. கூஷ் பெயர் அங்கே இல்லவே இல்லை.

அசீரியரை எதிர்த்துப் புறப்பட்ட கூஷ் அரசன் திராக்கா, எகிப்தையும் ஆண்ட தகார்க்கா என்று சரித்திரத்தில் அறியப்படுபவன். அப்போஸ்தலர் நடபடிகளில் கந்தாகே அரசியின் பொக்கிஷத்தைக் காத்த மந்திரி, காசா பாதையில் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டு போகிறார். கந்தாகே என்பது மெரோவே அரசிகளின் பட்டப்பெயர். எஸ்தர் நூலின் முதல் வசனத்தில் பாரசீக அரசன் அகாஸ்வேருவின் 127 நாடுகளும் இந்தியா முதல் கூஷ் வரை நீள்கின்றன. எபிரேய வேதத்தில் இந்தியாவின் பெயர் வருவது அந்த நூலில் மட்டும்தான். வரும்போதெல்லாம் கூஷின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது.

என்னை நிறுத்திவைத்தவர் எரேமியாவின் 38ஆம் அதிகாரத்தில் வரும் எபெத்மெலேக். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம். உண்மை பேசியதற்காக எரேமியாவைத் தண்ணீர் இல்லாத கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள். உள்ளே சேறு. அவர் அதில் அமிழ்கிறார். அரண்மனையில் வேலை பார்த்த இந்தக் கூஷ் மனிதர் அரசனிடம் நேரே போய், அந்த ஆள் பசியிலேயே செத்துவிடுவார் என்று முறையிடுகிறார். முப்பது ஆட்களைக் கூட்டிப்போக அனுமதி கிடைக்கிறது. கயிறு மட்டும் எடுத்துப் போயிருக்கலாம். அவர் முதலில் அரண்மனைப் பொக்கிஷ அறைக்குக் கீழே போய்க் கிழிந்த பழந்துணிகளைப் பொறுக்குகிறார். அவற்றைக் கிணற்றுக்குள் இறக்கி, கயிறு அறுக்காமல் இருக்க இரண்டு அக்குளிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுக்கிறார். அதற்குப் பிறகே தூக்குகிறார்கள். வேதத்தில் எத்தனையோ அற்புதம் உண்டு. ஒரு கிழவரின் அக்குள் வலிக்கக்கூடாது என்று கந்தைத் துணி தேடியவர் இவர் ஒருவர்தான். கூஷ் தேசத்தான் தன் தோலை மாற்ற முடியுமா என்று இதே நூலில் முன்பு ஒரு கேள்வி வருகிறது. பிரசங்கங்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட அளவுக்கு இந்தத் துணியைப் பற்றி நான் கேட்டதில்லை.

மோசேயின் மனைவி விஷயமும் இப்படித்தான். அவர் கூஷ் பெண்ணை மணந்தார் என்று அக்காள் மிரியாம் குறை பேசுகிறாள். பேசியவளுக்கு வந்த தண்டனை, தோல் பனிபோல் வெளுத்துப்போகும் நோய். யூத மரபில் இந்த இடத்தை அரமேயத்துக்குக் கொண்டுபோன தர்கூம் ஒன்கெலோஸ், ‘கூஷ் பெண்’ என்ற இடத்தில் துணிந்து ‘அழகி’ என்றே எழுதிவிட்டது. 11ஆம் நூற்றாண்டில் ராஷி அதற்கு உரை சொன்னார். கூஷ் மக்கள் கறுப்பு என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வதுபோல் இவள் அழகி என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்றார். கூடவே, அழகான பிள்ளைக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று கறுப்பன் எனப் பேர் வைத்துக் கூப்பிடும் வழக்கத்தையும் சொன்னார். இதைப் படித்தபோது எங்கள் ஊர்த் தாய்மார் கைக்குழந்தை கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டு நினைவுக்கு வந்தது. எங்கோ பிரான்சில் இருந்த யூத அறிஞருக்கும் செட்டிநாட்டு அப்பத்தாக்களுக்கும் ஒரே கண்ணேறு, ஒரே கைவைத்தியம்.

அரியக்குடிக்காரிக்கு இந்த ‘இருந்தாலும்’ உறுத்தாமல் எப்படி இருக்கும்? தென்திருப்பதி என்று பேர் வாங்கிய எங்கள் கோயிலில் திருவேங்கடமுடையானைக் கார்மேக வண்ணன் என்று கும்பிடுகிறோம். மேகம் கறுப்பு, இருந்தாலும் அழகு என்று யாரும் கும்பிடுவதில்லை. இந்தச் சீமையில் பொய் சொல்ல மாட்டேன் என்பதற்குக் கருப்பர் கோயிலில்தான் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்கிறோம். கருப்பையா, கருப்பாயி என்று பேர் வைக்கிறோம். சங்கப் பெண்ணின் நிறத்துக்கு ‘மாமை’ என்று பேர். கருமை என்பார்கள், மாந்தளிர் நிறம் என்று உரைகாரர்கள் நயம் சொல்வார்கள். காதலன் பிரிந்தால் அந்த அழகைத் தின்ன வருவது பசலை. வெளுப்புத்தான் அங்கே நோய். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், தன் மாமைக்கவின் தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் ஆகாமல் பசலைக்கு இரையாகிறதே என்று அழுகிறார். மாமைக்கவின். கறுப்பும் அழகும் நடுவில் எதுவும் நுழைய முடியாதபடி ஒட்டிப் பிறந்த சொல். வாவ் எழுத்துக்கு விடை தேடியவர்களுக்கு இது வெகு அருகில் இருந்தது. ஆனால் குறுந்தொகை அச்சேறியது 20ஆம் நூற்றாண்டில்தான். ஷூல்ட்சேவும் ஃபப்ரீசியஸும் அதை எங்கே பார்த்திருப்பார்கள்!

பிற்பாடு எண்ணம் மாறத் தொடங்கிற்று. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள், கறுப்பு அழகு என்று தெருவில் இறங்கிச் சொன்னார்கள். 1989இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு ஒன்று அந்த வசனத்தில் ‘ஆனால்’ நீக்கி ‘மற்றும்’ போட்டது. ஒரிகேன் படித்த பாடத்துக்கே திரும்பி வந்தது. இங்கே சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 1975 முதல் கடையில் இருந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020இல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்தது. முற்றத்துப் பேச்சில் மட்டும் ஜெரோமின் ‘செத்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. லத்தீன் கேட்டே அறியாதவர்கள் வாயில்கூட.

ஜெரோம் சொல்லித்தான் மாப்பிள்ளையின் பெரியம்மா பேசினார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ‘இருந்தாலும்’ பல ஊரில், பல காலத்தில் தனித்தனியே பிறந்திருக்கிறது. நிறத்தைக் கீழே வைத்துப் பழகிய இடத்திலெல்லாம் பிறக்கும். அது வேதப் புத்தகத்திலும் அச்சாகும்போது, ஞாயிற்றுக்கிழமை தோறும் சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுத்த பெண்பிள்ளைக்குக் கடவுளே அப்படிச் சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. என் தங்கையிடம் எபிரேய வசனத்தையும் தொல்காப்பிய நூற்பாவையும் சேர்த்துக் காட்டினேன். “அப்ப மூலத்துல இல்லையாக்கா!” என்று இரண்டு தடவை கேட்டாள்.

உன்னதப்பாட்டைத் தமிழில் அடுத்துத் திருத்த உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வாவ் எழுத்தை எண்ணும்மையாகவே எழுதுங்கள். செப்துவஜிந்தா உங்கள் பக்கம் இருக்கிறது, ஒரிகேன் உங்கள் பக்கம் இருக்கிறார், வெள்ளிவீதியாரும் இருக்கிறார். பெண் பார்க்கப் போகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: கறுப்பு என்று தாராளமாகச் சொல்லுங்கள், களை என்றும் சொல்லுங்கள். நடுவில் ‘இருந்தாலும்’ போடாதீர்கள்.