எக்செல் பில் பிறந்த கதை

கள்ளுக்கடையை மூடியதால் மளிகைக்கடைக்காரர் கணக்குக் காட்ட வேண்டி வந்தது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நடந்தது அதுதான். ஆரம்பித்த இடமும் நம் சேலம், தர்மபுரிப் பக்கம்தான்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் ஆனவர். மதுவிலக்கை எங்கே தொடங்குவது என்ற கேள்வி வந்தபோது சொந்த மாவட்டத்தையே எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. தர்மபுரி அப்போது சேலத்தோடு சேர்ந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2-ம் தேதிதான். ஆகவே பென்னாகரத்துக்கும் அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் அதே நாளில்தான் மதுவிலக்கு வந்தது.

கள்ளும் சாராயமும் கொடுத்துவந்த ஆயத்தீர்வை மாகாண வருமானத்தில் பெரிய பங்கு. மதுவிலக்கு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று பரவப் பரவ அந்த வருமானம் வற்றியது. ஈடுகட்ட வந்ததுதான் 1939-ம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான். வரி என்னவோ பெரிய வியாபாரிக்கே அரை சதவீதம். ஆனால் அரை சதவீத வரியைக் கட்டவும் முழு விற்பனைக்குக் கணக்கு வேண்டுமே!

அதற்கு முன் வியாபாரி கணக்கு எழுதவில்லை என்று அர்த்தமில்லை. பேரேடு எப்போதும் இருந்தது. ஆனால் அது அவருடைய பெட்டிக்குள் இருக்கும் கணக்கு. அவர் எழுத்து, அவர் குறி. வாங்கியவரிடம் ஒரு நகல், தன்னிடம் ஒரு நகல், நாளைக்கு அதிகாரி கேட்டால் எடுத்து நீட்ட வரிசை எண் போட்ட கட்டு என்ற பழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது வரிதான். பில் புக் அச்சடிக்கும் பிரஸ்காரருக்கும் அதனால் பிழைப்பு வந்தது.

அந்த பில் புக்கை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் குலசாமியோ முருகனோ துணை. கடைப் பெயர், வரிப் பதிவு எண், நம்பரிங் மெஷின் சிவப்பில் குத்திய எண். அடியில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது', 'தர்மபுரி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது'. வெள்ளைத் தாளுக்குக் கீழே மஞ்சளும் ரோஸும், நடுவில் கார்பன். எது மாறாதோ அதை அச்சடித்துவிட்டு, எது மாறுமோ அதற்கு இடம் விட்டிருப்பார்கள். இந்தப் பாகுபாட்டை யாரோ ஒரு கம்பாசிட்டர் கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு முடிவு செய்திருக்கிறார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நாம் 'பில் ஃபார்மேட்' என்று சொல்வதன் அடிப்படை வேலை அந்த பிரஸ்ஸிலேயே முடிந்துவிட்டது. கூட்டல் பெருக்கல் மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கி வேலையைச் செய்தவரும் பிரஸ்காரர் வீட்டுப் பிள்ளைதான் என்பது எனக்குப் பிடித்த தற்செயல். டான் பிரிக்ளின் அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்தவர். அப்பாவும் தாத்தாவும் அச்சுத் தொழில்காரர்கள். வேலையை ஓட்டுவதற்கு முன் மாதிரி ஒன்று செய்து வாடிக்கையாளரிடம் காட்டும் பழக்கம் அங்கிருந்து தனக்கு வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1978-ல் அவர் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர். பேராசிரியர் கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டு எண்களை நிரப்புவார். ஒன்றைத் திருத்தினால் அதைத் தொட்ட அத்தனையையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். பலகையே தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டால்? நண்பர் பாப் பிராங்ஸ்டன் அதற்கு நிரல் எழுத, 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் வெளிவந்தது. 63 பத்தி, 254 வரிசை. ஒரு கட்டத்தில் எழுதிய சூத்திரத்தை அடுத்த வரிசைக்கு நகல் எடுத்தால், அது அந்த வரிசையின் எண்களைப் பிடித்துக்கொள்ளும். பில்லுக்கு வேண்டியது இதுதான். அளவு பெருக்கல் விலை என்று முதல் சரக்குக்கு ஒருமுறை எழுதிவிட்டால் இருபதாவது சரக்கு வரை இழுத்துவிடலாம்.

1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985-ல் மேக்கிலும் 1987-ல் விண்டோஸிலும் எக்செல். இதை வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் பில்லுக்கு முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது. சாதாரணக் கோப்பு வேறு, டெம்ப்ளேட் வேறு என்று எக்செல் பிரித்து வைத்தது. கோப்பைத் திறந்தால் அசலே திறக்கும்; டெம்ப்ளேட்டைத் திறந்தால் அதன் நகல் ஒன்று இன்னும் சேமிக்காத புதுக் கோப்பாகத் திறக்கும், அசல் அப்படியே இருக்கும். பில் புக்கிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பதும் இதுவும் ஒன்றே. கட்டு மட்டும் தீராது. எக்செல் 97-ல் வில்லேஜ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் செய்த இன்வாய்ஸ் டெம்ப்ளேட் கூடவே வந்தது. வரிசை எண் கொடுக்க ஒரு பொத்தான்கூட அதில் உண்டு. ஆனால் அமெரிக்க முகவரி, அமெரிக்க வரி. இங்கே அது யாருக்கும் ஒத்துவரவில்லை.

இங்கே வந்த வழியே வேறு. பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் டிடிபி சென்டர் வந்தது. அச்சடித்த பில்லைப் பார்த்து அப்படியே கட்டம் கட்டமாக எக்செல்லில் அடித்துக் கொடுத்தார்கள். பிள்ளையார் சுழியும் நீதிமன்ற எல்லையும்கூட இடம் மாறாமல் ஏறின. டெம்ப்ளேட்டாகச் சேமிக்க யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே பிறந்தது ஒரு பழக்கம்: போன மாத பில்லைத் திற, பெயரை மாற்று, எண்ணை மாற்று, 'சேவ் ஆஸ்' கொடு. தர்மபுரியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கச் சின்னக் கடைகளில் இன்றும் பல பில்கள் இப்படித்தான் பிறக்கின்றன. இதை நான் கடுமையாக எதிர்ப்பவன். பெயரை மாற்றியவர் வரி எண்ணை மாற்ற மறப்பார். 'சேவ் ஆஸ்' என்பதற்குப் பதில் 'சேவ்' கை தவறி விழும். போன மாத பில் போயே போய்விடும்.

2017 ஜூலை 1 வரை அந்தப் பழக்கம் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. அன்று ஜிஎஸ்டி வந்தது. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 46-வது விதி பட்டியலே போட்டது: விற்பவரின் பெயர், முகவரி, 15 இலக்க ஜிஎஸ்டி எண், 16 எழுத்துக்கு மேற்படாத, அந்த நிதியாண்டில் திரும்ப வராத வரிசை எண், தேதி, வாங்குபவர் விவரம், எச்எஸ்என் என்ற சரக்குக் குறியீடு, அளவு, தள்ளுபடி போக வரிக்குரிய மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, வெளிமாநிலம் என்றால் எந்த மாநிலத்துக்கு என்ற விவரம், கையொப்பம். சரக்கு பில்லுக்கு மூன்று பிரதி: வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, தனக்கு. பழைய வெள்ளை, மஞ்சள், ரோஸ் தாள்களுக்குச் சட்டத்தில் பெயர் கிடைத்தது என்று சொல்லலாம். வாங்குபவர் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள இந்தச் சீட்டுதான் ஆதாரம். அதில் எண் தப்பினால் அவர் போன் போட்டுவிடுவார். தன் கடைக்காகப் போட்ட பில்லை அடுத்த கடைக்காரரும் உற்றுப் பார்த்தார்.

சரியான பில் ஃபார்மேட் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெளிவானது. மூன்று ஷீட் போதும். ஒன்றில் சரக்குப் பட்டியல்: பெயர், எச்எஸ்என், விலை, வரி விகிதம். இன்னொன்றில் வாடிக்கையாளர் பட்டியல்: பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண். மூன்றாவதுதான் பில். அதில் வாடிக்கையாளர் பெயருக்கு டேட்டா வேலிடேஷன் வைத்து இறங்குபட்டியல் கொடுத்தால், பெயரைத் தேர்ந்தவுடன் வீலுக்அப் மற்ற விவரத்தை எடுத்து வந்து போடும். பெயரும் வரி எண்ணும் பிரியவே வழியில்லை. கையால் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் வெளிர் மஞ்சள் அடித்து, அவற்றைப் பூட்டு நீக்கி, மீதி ஷீட்டைப் பூட்டிவிட வேண்டும். பிறகு 'சேவ் ஆஸ்' பட்டியலில் எக்செல் டெம்ப்ளேட் என்ற வகையைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் லிப்ரே ஆபீஸில் 'டெம்ப்ளேட்டாகச் சேமி' என்று கொடுத்தாலும் இதே வேலை நடக்கும்.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-ல் வடக்கே போனால் பெங்களூரு, தெற்கே போனால் சேலம். ஒரே கிரானைட் பலகையைச் சேலத்துக்கு விற்றால் வரி மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு பாதியாகப் பிரியும். பெங்களூருக்கு அனுப்பினால் முழுசாக ஐஜிஎஸ்டி. நாளுக்கு நாலு தடவை ஆள் யோசித்து மாற்றினால் ஒருநாள் தப்பும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. பொதுவாகச் சரக்கு போய்ச்சேரும் மாநிலமும் அதுவே. லெஃப்ட் என்ற சூத்திரத்தால் அந்த இரண்டை மட்டும் பிடித்து, 33 என்றால் பாதி பாதி, இல்லையென்றால் ஐஜிஎஸ்டி என்று இஃப் சூத்திரம் ஒன்று எழுதிவிட்டால் போதும். சரக்கை வேறு மாநிலத்தில் இறக்கும் பில்லுக்கும், ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்கும் மட்டும் மாநிலத்தைக் கையால் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் விட வேண்டும்.

பைசாவும் தொல்லை கொடுக்கும். திரையில் இரண்டு தசமம் காட்டினாலும் உள்ளே மூன்றாவது, நான்காவது இலக்கம் ஒளிந்திருக்கும். கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்த வாடிக்கையாளர் ஒரு பைசா இடிக்கிறது என்பார். ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்ட் போட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும். 'ரூபாய் எழுத்தால்' என்ற கட்டம் இன்னொரு வம்பு. எண்ணைத் தாய்லாந்து மொழியில் எழுத்தாக மாற்ற பாட்டெக்ஸ்ட் என்று எக்செல்லுக்குள்ளேயே ஒரு சூத்திரம் உண்டு. தமிழுக்கும் கிடையாது, ஆங்கிலத்துக்கும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் தரும் ஆங்கில மேக்ரோவோ மில்லியன், பில்லியன் என்று எழுதும். அதை லட்சம், கோடியாகத் திருத்திய மேக்ரோ பென் டிரைவ் பென் டிரைவாக ஊர் சுற்றுகிறது. முதலில் திருத்தியவர் யாரோ, புண்ணியவான்.

வரிசை எண்ணில்தான் எக்செல் தோற்றுப்போகிறது. டெம்ப்ளேட்டுக்கு ஞாபகசக்தி இல்லை. போன பில் எண் எது என்று அதற்குத் தெரியாது. நம்பரிங் மெஷின் தானே செய்த வேலைக்கு இங்கே பில் ரிஜிஸ்டர் என்று தனிக் கோப்பு வைத்து, எண், தேதி, வாடிக்கையாளர், தொகை என்று ஒவ்வொரு பில்லையும் ஒரு வரியாகப் பதிந்துகொண்டே வர வேண்டும். ஏப்ரல் 1-ம் தேதி எண்ணைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர். மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்பதும் அந்தக் கோப்பைத்தான்.

விகிதத்தைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதி வைத்தவர்கள் பட்ட பாடு தனி. காய்ந்த புளிக்கு முதலில் 5 சதவீத வரி இருந்தது. 2019 அக்டோபர் 1 முதல் அது நீங்கியது. நம் பக்கத்துப் புளி வியாபாரிக்கு விகிதம் பூஜ்யமானதோடு பில்லின் வகையே மாறிவிட்டது. வரி இல்லாத சரக்குக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் கிடையாது, 'பில் ஆஃப் சப்ளை'. தலைப்பையும் விகிதத்தைப் பார்த்து மாறும்படி எழுதியிருந்தவர் ஒரே கட்டத்தைத் திருத்தித் தப்பித்தார். 2025 செப்டம்பர் 22-ல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டபோது மாம்பழக்கூழ் 12-லிருந்து 5-க்கு இறங்கியது. வரிசை வரிசையாக 6 சதவீதம் என்று அடித்து வைத்தவர்கள் உட்கார்ந்து தேடினார்கள்.

பட்டியலில் வைத்தவர்களுக்கும் ஒரு குழி உண்டு. எல்லா பில்லையும் ஒரே கோப்பில் தனித்தனி ஷீட்டாக வைத்திருந்தால், பட்டியலில் 12-ஐ 5 ஆக்கிய அந்தக் கணமே ஆகஸ்ட் மாத பில்லின் தொகையும் மாறிவிடும். போட்டு முடித்த பில்லை அன்றே பிடிஎஃப் ஆக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் சூத்திரங்களை எண்களாக ஒட்டி உறைய வைக்க வேண்டும். கார்பன் தாளில் விழுந்த எழுத்துக்கு இந்த வியாதி கிடையாது.

வியாபாரம் வளர்ந்தால் இந்த ஃபார்மேட் ஓர் எல்லையில் நின்றுவிடும். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து, தனி எண்ணும் க்யூஆர் குறியீடும் வாங்கியாக வேண்டும். அது இல்லாத தாள் பில்லே ஆகாது. அந்த அளவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெங்களூரில் 1986-ல் தொடங்கிய டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கோ அதைப் போன்ற வேறொன்றுக்கோ போய்விடுகிறார்கள். எந்த மென்பொருளும் வாங்காதவர்களுக்காக அரசின் தேசிய தகவலியல் மையம், இப்படிப் பதிந்து வாங்கும் இ-இன்வாய்ஸைத் தயாரிக்க இலவசக் கருவி ஒன்றை வைத்திருக்கிறது. இறக்கித் திறந்து பார்த்தால், அதுவும் மேக்ரோ எழுதிய எக்செல் கோப்புதான்.