முதலாளியின் லேத்தும் சொந்தத் துவக்கும்

எங்கள் வீட்டில் ஒரு அலுமினிய இடியப்ப உரல் இருக்கிறது. 2010 இல் மீள்குடியேறியபோது எங்களிடம் ஒரு சட்டிகூட மிஞ்சியிருக்கவில்லை. வவுனியாவில் லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்த பெரியப்பா, கழித்துப் போட்டிருந்த அலுமினியத் துண்டொன்றை வேலை முடிந்த பிறகு முதலாளியின் லேத்தில் கடைந்து அம்மாவுக்கு இந்த உரலைச் செய்து கொடுத்தார்.

அந்தப் பட்டறையில் எல்லோரும் ஏதாவது செய்தார்கள். ஒருவர் கதவுக்குக் கொண்டி செய்வார், இன்னொருவர் சைக்கிள் கரியரை ஒட்டிக்கொண்டு போவார். முதலாளிக்கு எல்லாம் தெரியும். புது இரும்பைத் தொடக்கூடாது, எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அவர் போட்டிருந்த சட்டம் இந்த இரண்டும்தான். சில வருடங்களுக்குப் பிறகு அங்கே வேலை பழகிய ஒரு பொடியன் இடியன் துவக்கு ஒன்று செய்யத் தொடங்கியபோது, மூன்றாவதாக ஒரு சட்டம் தேவைப்பட்டது.

வேலையிடத்துக் கருவியில் சொந்தச் சாமான் செய்யும் பழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரான்ஸின் தொழிலாளர்கள் இதைப் 'பெருக்' என்பார்கள். பொய்முடி என்று பொருள். இங்கிலாந்தில் 'ஃபொரினர்', அமெரிக்காவில் 'ஹோமர்'. பிரெஞ்சு அறிஞர் மிஷெல் தெ செர்தோ 1980 இல் வெளியான தன் நூலில் இதைப் பற்றி எழுதினார். தொழிலாளி இங்கே பொருளைத் திருடவில்லை, பெரும்பாலும் எஞ்சிய துண்டுகளைத்தான் பாவிக்கிறான். அவன் எடுத்துக்கொள்வது நேரத்தை என்பது அவருடைய விளக்கம். யாரும் சொல்லாமல் தன் விருப்பத்துக்கு ஒன்றைச் செய்து பார்க்கும் மகிழ்ச்சியும் அதில் உண்டு. அந்த உரலைப் பார்க்கும்போதெல்லாம் அது சரியென்றே எனக்குத் தோன்றும்.

செய்கிற சாமான் துவக்காக இருந்தால் என்ன? அமெரிக்காவில் இது ஒரு பொழுதுபோக்கு. ஆயுதம் வைத்திருக்கச் சட்டத் தடையில்லாத ஒருவர், விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பாவனைக்குச் சாதாரணத் துவக்கொன்றைச் செய்வதற்கு அங்கே கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கூடுதல் கட்டுப்பாடுகள் வைத்திருக்கின்றன. ஆகவே அங்கே ஒரு தொழிலாளி முதலில் கேட்க வேண்டியது முதலாளியின் அனுமதியைத்தான்.

இப்படி வேலையிடத்துப் பட்டறையில் பிறந்த துவக்குகளில் ஒன்றின் கதை எங்களுக்கு மிக நெருக்கமானது. மிகயில் கலாஷ்னிகோவ் படையில் சேருமுன் கசகஸ்தானின் மத்தாய் ரயில் நிலையத்துப் பணிமனையில் வேலை செய்தவர். 1941 இல் பிரியான்ஸ்க் அருகே காயப்பட்டு, மருத்துவ விடுப்பில் அதே பணிமனைக்குத் திரும்பினார். பொறுப்பாளரின் சம்மதத்தோடு, பழைய சக தொழிலாளர்களின் கைகொடுப்போடு, ரயில் திருத்தும் கருவிகளைக் கொண்டு 1942 இல் தன் முதல் துவக்கைச் செய்தார். அதைத் தூக்கிக்கொண்டு அல்மா-அட்டாவுக்குப் போனபோது, ஆயுதம் வைத்திருந்ததற்காகத் தன்னை முதலில் பிடித்து அடைத்தார்கள் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த முதல் துவக்கைப் படை ஏற்கவில்லை. ஆனால் அவருடைய திறமையைக் கண்டுகொண்டது. 1949 இல் சோவியத் படை ஏற்ற ஏகே-47 அங்கிருந்து வந்தது. அதன் சீன வடிவம்தான் ரி-56. எங்கள் யுத்தத்தில் இரண்டு தரப்பின் கையிலும் இருந்தது அதுதான். அந்தப் பெயரை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கலாஷ்னிகோவ் 2013 டிசம்பரில் இறந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் 2014 ஜனவரியில் வெளியானது. தன் துவக்கு மனிதர்களின் உயிரைப் பறித்ததென்றால் அந்தச் சாவுகளுக்குத் தானும் பொறுப்பா என்று அதில் கேட்டிருந்தார். அந்த வேதனை தாங்க முடியாதது என்றும் எழுதியிருந்தார். உரல் செய்தவருக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வராது.

இனி எங்கள் பட்டறைக்கு வருவோம். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துவக்குச் செய்வதும் திருத்துவதும் குற்றம். பொழுதுபோக்கு, பன்றி விரட்ட என்ற காரணங்கள் அதை மாற்றாது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இன்னும் தலைக்கு மேல் தொங்குகிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகும் அதன்கீழ் ஒருவரை ஒரு வருடம் வரை தடுத்து வைக்கலாம். வடக்கில் ஒரு பட்டறையில் துவக்குக் குழாய் பிடிபட்டால் விசாரணை செய்தவனோடு நிற்காது. கருவியின் சொந்தக்காரர், பக்கத்தில் நின்று வேலை செய்தவர் என்று எல்லோரிடமும் போகும். புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவர் அங்கே வேலை செய்தால் கேள்வி முதலில் அவரிடம்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. 1934 இன் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு நட்டஈடு தரும். சொந்தச் சாமான் செய்யும்போது விரல் போனால் அதைக் கோருவது கடினம். தண்ணீர்க் குழாயில் செய்த துவக்கு சுடுபவரின் முகத்திலேயே வெடிக்கலாம்.

அந்தப் பொடியனின் தகப்பனுக்கு வயல் இருந்தது. இரவில் பன்றி புகுந்து கிளறிவிட்டுப் போகும். வேலை மேசைக்குக் கீழே அவன் மறைத்து வைத்திருந்த குழாயைப் பெரியப்பா கண்டுவிட்டார். முதலாளியிடம் சொல்லவில்லை. வெளியே கூப்பிட்டுக் கதைத்தார்.

"தம்பி, நீ பிடிபட்டால் இந்தக் கடையையே பூட்டிப்போடுவாங்கள். இங்க ஆறு குடும்பம் சாப்பிடுது."

"அப்ப எங்கட வயலுக்கு ஆர் காவல், அண்ணை?"

பெரியப்பாவிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த நாள் அவனே குழாயைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குள் போட்டான். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு மாவட்டச் செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கும் வழியைப் பெரியப்பா விசாரித்துச் சொன்னார். யுத்தத்துக்குப் பின் எங்கள் ஆட்கள் ஒரு துவக்குக் கேட்டுக் கந்தோர் வாசலில் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும்.

அந்தக் கிழமை சனிக்கிழமை பின்னேரம் முதலாளியின் வெல்டிங் மெசினில், கழிவு இரும்பில், இருவரும் சேர்ந்து வயல் வேலிக்கு ஒரு படலை செய்தார்கள். பன்றி முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது என்று அவன் பிறகு சொன்னானாம். முதலாளி வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை.