கயிறு மாறிய குதிரைகள்

பத்தியின் அடியில் இரண்டு அங்குலம் இடம் மிஞ்சிவிட்டால் அதை நிரப்ப நம் பத்திரிகைகளுக்கு ஒரு வழி உண்டு. ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். அயர்லாந்தில் பாம்பு கிடையாது. நியூஸிலாந்தில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். முன்பு வாரப் பத்திரிகைகளில் பெட்டி கட்டி வந்தவை இன்று காலைக் காபிக்கு முன்பே கைபேசியில் வந்துவிடுகின்றன. இவை பொய்யல்ல என்பதுதான் தொந்தரவு. பொய்யென்றால் யாராவது மறுப்பார்கள். உண்மையாகவும் முன்பின் அற்றும் இருப்பதால் இவற்றை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பிராணி, ஒரு தேசம், ஒரு ஆச்சரியக்குறி, விஷயம் முடிந்துவிடுகிறது.

நான் நெய்வேலியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. இந்த நகரியத்துக்கும் தகவல் மோகம் உண்டு. வெளியூரிலிருந்து வரும் உறவினரைச் சுரங்க விளிம்புக்கு அழைத்துப் போய் பக்கெட் வீல் இயந்திரத்தைக் காட்டி, மணிக்கு அது எத்தனை டன் மண் வாரும் என்று சொல்வது இங்கே உபசாரத்தில் சேர்த்தி. வந்தவர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். வாரிய மண்ணின்மேல் எந்த ஊர் இருந்தது என்று அவர் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

நம்மைப் பற்றியும் இப்படி ஒரு பெட்டிச் செய்தி எழுநூறு வருஷமாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்கள், குதிரைகள் செத்தன என்பது அது. சொன்னவர் மார்க்கோ போலோ. 1292 வாக்கில் சீனாவிலிருந்து கடல் வழியாக ஊர் திரும்புகையில் பாண்டிய நாட்டைத் தொட்டுப் போனவர். 1298இல் ஜெனோவாச் சிறையில் உடனிருந்த ருஸ்திச்செல்லோவிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர். அரேபியர் மாபார் என்று அழைத்த நம் கரையில் குதிரை விருத்தியாவதில்லை என்கிறார். உயர்ந்த ஜாதிப் பெட்டையோடு உயர்ந்த ஜாதி ஆணைச் சேர்த்தாலும் கால் கோணிய நோஞ்சான் குட்டிதான் பிறக்குமாம். ஆகவே ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஏடன் துறைகளிலிருந்து கப்பலில் வருகின்றன. பாண்டிய அரசரும் அவருடைய சகோதரர்கள் நால்வரும் ஆளுக்கு வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை.

பெட்டிச் செய்தி இங்கே நின்றுவிடும். போலோ நிற்கவில்லை. லாடம் அடிக்கவும் குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் அந்த நாட்டில் இல்லை. வியாபாரிகள் அத்தகைய ஆளைத் தாங்களும் அழைத்து வருவதில்லை, வேறு யாரும் போகவும் விடுவதில்லை, குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷ விற்பனை என்னாவது என்று சேர்த்துச் சொல்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்வதில்லை. அவரும் வியாபாரி. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைப் படித்த பிறகு சோறும் கறியும் வெறும் வேடிக்கையாக இருக்க முடியாது. அறியாமை என்று நமக்குச் சொல்லப்பட்டதில் ஒரு பங்கு, திட்டமிட்டுப் பாதுகாக்கப்பட்ட அறியாமை.

நீலகண்ட சாஸ்திரி 1939இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகத் தொகுத்த 'ஃபாரின் நோட்டிசஸ் ஆஃப் சௌத் இந்தியா'வில் மெகஸ்தனிஸ் தொடங்கி மா ஹுவான் வரை நம்மைப் பார்த்துப் போனவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் போலோவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவர் பாரசீகத்து வஸாஃப். அலங்கார நடைக்குப் பேர்போனவர், படிப்பவரைச் சோதிப்பவர். ஆனால் பணம் என்று வந்துவிட்டால் அலங்காரம் கழன்று கணக்கு வந்துவிடுகிறது. அதாபக் அபூபக்கர் காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து வருஷத்துக்கு 10,000 குதிரைகள் மாபாருக்குப் போயினவாம். விலை குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். மொத்தம் 22 லட்சம். பெருக்கல் சரியாக இருக்கிறது. தொழில் புத்தி, முதலில் அதைத்தான் பார்த்தேன். பத்தாயிரம் என்பது வாய்க்கு இசைவான எண், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதற்கடுத்த வரிதான் முக்கியம். இந்தப் பணம் அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து வரவில்லை. கோயில் சொத்துக்களின் உபரி வருமானத்திலிருந்தும் கோயிலைச் சேர்ந்த கணிகையர் மேல் விதித்த வரியிலிருந்தும் வந்தது என்கிறார்.

வரவு எழுதியாயிற்று. இனி யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. பிற்காலத்தில் கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரை அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டவர் மாலிக்-உல்-இஸ்லாம் ஜமாலுத்தீன். வழியில் கடலில் செத்தாலும் விலை பாண்டியனைச் சேரும் பொறுப்பு. இங்கே பாண்டியனிடம் மந்திரியாகவும் காயல் முதலிய துறைகளின் அதிகாரியாகவும் இருந்தவர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். ஜமாலுத்தீனின் சகோதரர். விற்பவர் அண்ணன் தம்பியில் ஒருவர், வாங்குபவருக்கு யோசனை சொல்பவர் இன்னொருவர். வஸாஃப் இருவரையும் ஒரே பாராட்டு நடையில் புகழ்கிறார். ஒரு கடன் விண்ணப்பத்தில் விற்பவரும் மதிப்பீடு செய்பவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் எங்கள் கிளையில் கடைநிலை ஊழியர்கூட மேனேஜரை ஒரு பார்வை பார்ப்பார்.

இதை மதத்தின் பெயரால் படிக்கத் துடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். கோயில்களுக்குத் தானம் செய்கிறார்கள். அவர்கள் விற்ற குதிரைகளும் அரபுக் கரையிலிருந்து வந்தவையே. லாபம் யாருடைய நெற்றியையும் பார்த்து வருவதில்லை.

தீவனத்தைப் பற்றி வஸாஃப் சொல்வதும் போலோவோடு ஒத்துப்போகவில்லை. பச்சை பார்லிக்குப் பதில் வறுத்த பார்லி, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்து, பிறகு பழக்காமல், அங்கவடிகூட இல்லாமல் பேய் மாதிரி ஏறி ஓட்டுகிறார்கள் என்கிறார். அவர் கேள்விப்பட்டதை எழுதினார், போலோ நேரில் வந்தார் என்று ஒரு பேதம் உண்டு. ஆனாலும் சோறா வெண்ணெயா என்று சாட்சிகள் முரண்படும் இடத்தில், இருவரும் ஒத்துச் சொல்வது ஒன்றுதான்: குதிரை தங்கவில்லை, அதனால் வியாபாரம் நிற்கவில்லை.

குதிரை தங்கவே இல்லையா என்பதும் எனக்குச் சந்தேகம். 1311இல் மாலிக் காஃபூர் தெற்கிலிருந்து டில்லிக்குத் திரும்பியபோது 512 யானைகளும் 5000 குதிரைகளும் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரூ எழுதுகிறார். அதில் துவாரசமுத்திரத்து ஹொய்சளரின் குதிரைகளும் அடக்கம். அரசவைக் கவியின் எண் என்பதால் கழித்தும் பார்க்கலாம். எவ்வளவு கழித்தாலும், நூறுகூட மிஞ்சாத நாட்டிலிருந்து கொள்ளையடிக்க இத்தனை குதிரை கிடைத்திருக்காது. போலோ நம்முடைய திறமைக் குறைவைக் கொஞ்சம் தாராளமாகவே அளந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. மேய்ச்சல் புல் கிடையாது, ஈரப் பருவம், குளம்பு நோய் எல்லாம் உண்மையே. ஆனால் துறைமுகத்தில் வியாபாரிகள் வாயிலாகக் கேட்ட கதையில் வாங்குபவன் எப்போதும் மடையனாகத்தான் இருப்பான்.

நம் தரப்பில் இதைப் பற்றி ஒரு சாட்சியமும் இல்லை என்று சரித்திரக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். இருக்கிறது, நாம் அதைப் பக்தி என்ற அலமாரியில் வைத்துவிட்டோம். மாணிக்கவாசகர் கதையைச் சொல்கிறேன். அவரை 9ஆம் நூற்றாண்டில் வைப்பது பெரும்பான்மை வழக்கு. அப்பர் பாடலில் உள்ள நரி-குதிரைக் குறிப்பைக் கொண்டு முன்னே தள்ளுபவர்களும் உண்டு. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். கதையின் வியாபார எலும்பு எனக்குப் போதும். பாண்டியன் கருவூலப் பொன்னைக் கொடுத்து, துறையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கி வர மந்திரியை அனுப்புகிறான். மந்திரி பெருந்துறையில் பொன்னைக் கோயிலில் செலவழிக்கிறார். ஈசன் நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரைச் செட்டாக மதுரைக்கு ஓட்டி வருகிறார். போலோ போய்ச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடலில் இந்த இடம் ஒரு சந்தைக் காட்சி. செட்டு குதிரை இலக்கணம் பேசுகிறார், சுழி பார்க்கிறார், கடைசியில் கயிறு மாறுகிறார். கயிற்றை விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாற்றிவிட்டால் அதன் பிறகு குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவர் பொறுப்பில்லை. இது புராணிகரின் கற்பனையில் முளைக்கும் விவரம் அல்ல. துறைமுகத்தில் நஷ்டப்பட்டவன் சொல்லித் தெரிந்த விவரம். அன்று இரவே குதிரைகள் நரிகளாகின்றன. லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. காலையில் கொட்டில் காலி.

ஒரு வருஷத்தில் 2000 குதிரை 100க்கும் கீழே போவதை வெனிஸ்காரர் ஒரு எண்ணாகச் சொன்னார். நம்மவர்கள் அதை ஒரே இரவாகச் சுருக்கிச் சொன்னார்கள். இவர் அவரைப் படித்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே கொட்டிலைப் பார்த்தவை என்கிறேன்.

இதில் எனக்கு இன்னும் தீராத ஆச்சரியம் ஒன்று. கதையில் குதிரைக்கான பொன் கோயிலுக்குப் போகிறது. வஸாஃபின் கணக்கில் கோயிலின் பொன் குதிரைக்குப் போகிறது. பற்றும் வரவும் இடம் மாறியிருக்கின்றன. கோயில் உபரியையும் கணிகையர் வரியையும் அள்ளிக் குதிரைக்குக் கொட்டிய ஒரு ராஜ்யத்தில், அந்தப் பொன் திரும்பக் கோயிலுக்கு வந்து சேருவதாக, அதை ஈசனே வந்து நியாயப்படுத்துவதாக ஒரு கதை நிலைத்து நின்றதை வெறும் பக்தி என்று தள்ள என்னால் முடியவில்லை. ஆவுடையார்கோயிலில் ஈசன் குதிரை ஏறித் தூணில் நிற்கிறார். வருகிறவர்கள் கடிவாளத்தின் நுணுக்கத்தைத் தடவிப் பார்த்து வியக்கிறார்கள்.

அரசர்களின் குதிரைதான் இப்படி. கிராமத்தான் அதைக் கண்ணால் பார்த்ததே வரி தண்ட வந்தவன் ஏறிவந்தபோதாக இருக்கும். அவன் தன் பங்குக்கு மண்ணில் செய்து ஐயனாருக்கு முன்னால் நிறுத்தினான். விருத்தாசலம் பக்கம் போகும் பாதையில் இன்னும் நிற்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல், வாய் பிளந்து, கழுத்தில் மணி வரிசை. இவற்றுக்குத் தீவனம் இல்லை, லாடம் இல்லை. உடைந்தால் குயவர் வேறு செய்வார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது பற்றிய பழமொழியில் வருவது குதிரை அல்ல, குதிர் என்ற மணல்மேடு என்று திருத்துகிறவர்கள் உண்டு. அதுவும் இப்போது கைபேசியில் பெட்டிச் செய்தியாக வலம் வருகிறது. ஐயனார் கோயிலை ஒருமுறை எட்டிப்பார்த்தவர்கள் அவ்வளவு அவசரமாகக் குதிரையை மணலாக்க மாட்டார்கள்.

பாண்டியர் போனார்கள், வியாபாரம் போகவில்லை. விஜயநகரத்தைப் பற்றி 1530களில் எழுதிய போர்ச்சுகீசியர் பெர்னாவ் நூனிஸ் தாமே குதிரை வியாபாரி. ராயர் வருஷந்தோறும் ஹோர்முஸ் குதிரைகளும் உள்நாட்டுக் குதிரைகளுமாக 13,000 வாங்கினார் என்கிறார். அதற்கு முன் சாளுவ நரசிம்மன் காலத்து ஏற்பாடு ஒன்றையும் குறித்து வைத்திருக்கிறார். உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ். கடலில் செத்ததற்கு உடலைக் கொண்டுவர வேண்டியதில்லை. வாலை அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் உயிருள்ள குதிரையின் விலையே கொடுத்தார்கள்.