மேரி டிசோசாவின் இரு களங்கள்: பதக்கம் எழுதிய வரலாறும் எழுதாத வரலாறும்

பல விளையாட்டுகளில் சிறந்த பெண்ணின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் பிறவித் திறமையிலிருந்தே தொடங்குகின்றனர். அத்திறமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒன்றையும் விளக்குவதில்லை. செலவை யார் ஏற்றார், எந்த ஆட்டம் பரிசு தந்தது என்னும் இரு கேள்விகளே இத்தகைய வாழ்க்கைகளின் போக்கையும், அவை நினைவுகூரப்படும் விதத்தையும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வகையின் முன்மாதிரியாகச் சொல்லப்படுபவர் இங்கிலாந்தின் லாட்டி டாட் (1871–1960). 1887இல், பதினைந்து வயதில் விம்பிள்டன் பட்டம் வென்றார். மொத்தம் ஐந்து முறை வென்றார். 1904இல் பிரிட்டிஷ் மகளிர் கோல்ஃப் பட்டம், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தை வெள்ளி. இடையே இங்கிலாந்துக்காக ஹாக்கியும் ஆடினார். லிவர்பூல் பருத்தித் தரகரான தந்தை விட்டுச்சென்ற செல்வத்தால் அவர் ஒருநாளும் வேலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே டென்னிஸ் களம் இருந்தது. ஓர் ஆட்டம் சலித்தால் அடுத்ததற்கு மாறும் உரிமை அச்செல்வம் தந்தது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒரு தலைமுறை தாண்டியே கிடைக்கிறது. 1931இல் பம்பாய் பாந்த்ராவில் பிறந்த மேரி டிசோசா, 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் வெண்கலமும் 4x100 மீட்டர் தொடரோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். 1954இல் மணிலாவில் தொடரோட்டத் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். இடையில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்ற நான்கு இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர். நீலிமா கோஷ், ஆரதி சாஹா, டாலி நசீர் மற்ற மூவர். அப்பயணத்துக்கு அரசுப் பணம் கிடைக்காதபோது, நண்பர்கள் நடன நிகழ்ச்சியும் சீட்டாட்டப் போட்டியும் நடத்தி நிதி திரட்டினர். முதற்சுற்றோடு அவர் வெளியேறியதைத் தோல்வி என்று எழுதும் குறிப்புகள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அவரது ஹாக்கி வாழ்க்கையின் கதி வேறு. 1953இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனில் நடந்த பன்னாட்டு மகளிர் ஹாக்கி கூடுகையில் அவர் இந்தியாவுக்கு ஆடினார். அதை நடத்திய பன்னாட்டுக் கூட்டமைப்பு, கோப்பைக்காக ஆடுவது பெண்களின் ஆட்டத்தைக் கெடுக்கும் என்று கருதிய மரபிலிருந்து வந்தது. அணிகள் ஆடின, வென்றன, தோற்றன. சாம்பியன் என்று எவரும் அறிவிக்கப்படவில்லை. ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி நுழைந்ததோ 1980இல். பதக்கமில்லாத ஆட்டம் பதிவேட்டில் இடம்பெறுவது அரிது. லாட்டி டாட்டின் ஹாக்கியும் இப்படித்தான் அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாகச் சுருங்கியது. ஆகவே, மேரியை ‘ஹாக்கியும் ஆடிய ஓட்டப்பந்தய வீராங்கனை’ என்று வகைப்படுத்துவது அவர் திறமையைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அமைப்புகள் எதைப் பரிசுக்குரியதாகக் கருதின என்பதன் எதிரொலி அது.

எது பரிசுக்குரியது என்னும் இந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது. தமிழ்நாட்டின் சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் குறுவட்டப் போட்டிகளில் ஒரே மாணவி ஓட்டத்திலும் கபடியிலும் பள்ளிக்காக நிற்பதை இன்றும் எவரும் வியப்பதில்லை. வியப்பு பிறப்பது பிறகுதான்: மாநில அளவை எட்டும் முன், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று அவளிடம் சொல்லப்படும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலையோ காவல்துறை வேலையோ வேண்டுமென்றால், சான்றிதழ் எந்த ஆட்டத்தில் கனக்கிறது என்பதே கணக்கு. இந்த அறிவுரையில் தவறில்லை என்றே சொல்வேன். வீட்டுக்கு வருமானம் தேவை. ஆனால், பல களங்களில் நின்றவர்கள் அருகியதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டும் ஆய்வாளர் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்.

அர்ஜுனா விருது 1961இல்தான் தொடங்கியது. மேரியின் சிறந்த ஆண்டுகள் அதற்குமுன் கழிந்திருந்தன. அவருக்குத் தேசிய அங்கீகாரம் 2013இல், எண்பத்திரண்டு வயதில், தியான் சந்த் விருதாக வந்தது. ஹாக்கி மேதை ஒருவரின் பெயர்தாங்கிய அவ்விருதின் பட்டியலில், மேரி டிசோசாவின் பெயருக்கு எதிரே உள்ள துறை தடகளம்.